தம் கட்டி முழுகினால் உடம்புக்குள் என்ன நடக்கிறது?

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரையோரம் பல இடங்களில் கல் கொட்டியிருக்கிறார்கள். ஆங்காங்கே அந்தக் கற்கள் கடலுக்குள்ளும் நீண்டு போகும். அதற்குத் தூண்டில் வளைவு என்று பெயர். லீவு விட்டால் பிள்ளைகள் அந்தக் கல் இடுக்குத் தண்ணீரில்தான் கிடப்பார்கள். நீந்தி அலுத்ததும் ஒரு போட்டி தொடங்கும்: யார் அதிக நேரம் தம் கட்டுவது? ஒருவன் முழுகுவான், மற்றவர்கள் கூச்சல் போட்டு எண்ணுவார்கள்.

இதே வேலையை உலகத்தில் பலர் முறையாகப் பயின்று செய்கிறார்கள். முதுகில் சிலிண்டர் கிடையாது, வாயில் குழாய் கிடையாது. ஒரே மூச்சில் இறங்கி அதே மூச்சில் மேலே வர வேண்டும். அதற்கு ‘ஃப்ரீ டைவிங்’ என்று பெயர். பிரான்ஸைச் சேர்ந்த ஸ்டெஃபான் மிஃப்சூட் 2009-ல் தண்ணீரில் முகம் புதைத்து, அசையாமல் 11 நிமிடம் 35 வினாடி மூச்சை அடக்கியிருந்தார். நம் தூத்துக்குடிக் கடலில் இது விளையாட்டாக அல்ல, பிழைப்பாக இருந்தது. கொற்கை முத்து சங்க காலத்திலேயே பேர்போனது; ஒவ்வொரு முத்துக்காகவும் யாரோ ஒருவர் மூச்சை அடக்கிக் கடலடிக்குப் போய் வந்திருக்கிறார். அவர்கள் உடம்புக்குள் நடந்தது என்ன என்று தெரிந்துகொண்டால், கல் இடுக்குப் போட்டியில் எங்கே ஆபத்து ஒளிந்திருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் ஒரு சின்னச் சோதனை. தண்ணீர் வேண்டாம், நாற்காலி போதும். சாதாரணமாக மூச்சை இழுத்து அடக்குங்கள். முதல் பத்து வினாடி ஒன்றும் தெரியாது. இருபது, முப்பது ஆகும்போது தொண்டையில் ஒரு நெருக்கடி. இன்னும் கொஞ்ச நேரம் போனால் வயிறு தானாகவே வெட்டி வெட்டித் துடிக்கும். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கிற உதரவிதானம், ‘மூச்சு விடு, மூச்சு விடு’ என்று உதைக்கிற உதை அது. விட்டுவிடுங்கள், பிடிவாதம் வேண்டாம்.

இப்போது கேள்வி. உங்களை மூச்சு விடச் சொன்னது எது? ‘உள்ளே ஆக்சிஜன் தீர்ந்துபோச்சு, அதனால்தான்’ என்று நிறையப் பேர் சொல்வார்கள். அது சரியில்லை. நாம் இழுக்கிற காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். வெளியே விடுகிற காற்றிலேயே இன்னும் 16 சதவீதம் மிச்சம் இருக்கிறது. முப்பது வினாடியில் அது தீர்ந்துவிடாது.

அவசரப்படுத்தியது கார்பன் டை ஆக்சைடு. உடம்பின் ஒவ்வொரு செல்லும் ஆக்சிஜனைச் செலவழித்துக் கார்பன் டை ஆக்சைடை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. மூச்சை அடக்கினால் அதற்கு வெளியேற வழியில்லை. ரத்தத்தில் சேர்ந்து ரத்தத்தின் அமிலத்தன்மையைக் கூட்டுகிறது. மூளையின் அடியில் இருக்கிற முகுளம் இதை நொடிக்கு நொடி கவனித்துக்கொண்டே இருக்கும். அளவு ஏறியதும் உதரவிதானத்துக்கு உத்தரவு பறக்கும். ஜான் ஸ்காட் ஹால்டேன், பிரீஸ்ட்லி என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1905-ல் இதைச் சோதனை செய்து காட்டினார்கள். சாதாரணமாக நம் மூச்சின் வேகத்தை முடிவு செய்வது ஆக்சிஜன் அல்ல, கார்பன் டை ஆக்சைடுதான் என்று அவர்கள் சொன்னது இன்று பாடப்புத்தகம் வரை வந்துவிட்டது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. தம் கட்டும் போட்டியில் ஜெயிக்க ஒரு தந்திரம் உண்டு என்று அண்ணன்மார் யாராவது சொல்லிக்கொடுத்திருப்பார்கள். முழுகுவதற்கு முன்னால் ‘ஹஃப் ஹஃப்’ என்று வேக வேகமாக இருபது முறை மூச்சு வாங்கு, அப்புறம் ரொம்ப நேரம் தாங்கும் என்பார்கள். தாங்கும், உண்மைதான். ஆனால் ஏன் தாங்குகிறது என்று பாருங்கள். சும்மா இருக்கும்போதே நம் ரத்தம் ஏற்கும் அளவில் ஏறக்குறைய 98 சதவீதம் ஆக்சிஜன் ஏறித்தான் இருக்கிறது. வேக மூச்சால் அதில் கூடுதலாக ஏறுவது மிகக் கொஞ்சம். வெளியே போவதோ ஏராளமான கார்பன் டை ஆக்சைடு. அதாவது, நீங்கள் ஆக்சிஜனைச் சேமிக்கவில்லை. எச்சரிக்கை மணியைக் கழற்றி வைத்துவிட்டு முழுகுகிறீர்கள். உள்ளே ஆக்சிஜன் குறைந்துகொண்டே போகும், மணியோ அடிக்காது. மூச்சு முட்டுவதற்கு முன்பே நினைவு தப்பிவிடும். வலி இருக்காது, தலைசுற்றல்கூட இருக்காது. அப்படியே அசையாமல் கிடக்கிறவனைப் பார்த்து, ‘இன்னும் தம் கட்டுறான் பாரு’ என்று கரையில் இருப்பவர்கள் எண்ணிக்கொண்டே இருப்பார்கள். நன்றாக நீந்தத் தெரிந்த பிள்ளைகளும் இடுப்பளவு நீச்சல் குளத்தில் இப்படி இறந்திருக்கிறார்கள்.

ஆழத்துக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. அதைப் புரிந்துகொள்ள அழுத்தம் பற்றித் தெரிய வேண்டும். ஊசி இல்லாத ஒரு சிரிஞ்சை எடுத்துப் பாதி வரை காற்று இழுத்துக்கொள்ளுங்கள். முனையைக் கட்டைவிரலால் அடைத்து, பின்பக்கத்தை அழுத்துங்கள். காற்று சுருங்கும். கையை எடுத்தால் பழைய அளவுக்கு விரியும். அழுத்தம் இரண்டு மடங்கானால் காற்றின் பருமன் பாதியாகும் என்பது ராபர்ட் பாயில் 1662-ல் வெளியிட்ட விதி. கடல்மட்டத்தில் நம் மேல் இருக்கிற அழுத்தம் ஒரு வளிமண்டலம். கடலுக்குள் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் இன்னொரு வளிமண்டலம் கூடும். 6 லிட்டர் காற்றை நெஞ்சில் நிரப்பிக்கொண்டு இறங்குகிற ஒருவருக்கு 10 மீட்டரில் அது 3 லிட்டர். 20 மீட்டரில் 2 லிட்டர். 30 மீட்டரில் ஒன்றரை.

நெஞ்சு சுருங்கச் சுருங்க உடம்பு மிதப்பதை விட்டுவிட்டுத் தானாகவே அமிழத் தொடங்கும். அதுகூடப் பெரிய பிரச்சினை இல்லை. 10 மீட்டர் ஆழத்தில் நுரையீரலில் ஆக்சிஜன் 7 சதவீதமாகக் குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அங்கே அழுத்தம் இரண்டு மடங்கு என்பதால், மேலே 14 சதவீதம் இருப்பதற்குச் சமமாக அது ரத்தத்துக்குள் போகும். ஆள் தெளிவாக இருப்பார். சரி, மேலே போகலாம் என்று கிளம்புகிறார். ஏற ஏற அழுத்தம் குறைகிறது. தலை வெளியே வரும் நேரத்தில் அதே 7 சதவீதம் வெறும் 7 சதவீதம்தான். அது போதாது. ஃப்ரீ டைவிங்கில் மயக்கம் பெரும்பாலும் வருவது ஆழத்தில் அல்ல. கடைசி 10 மீட்டரிலும், மேலே வந்து சேர்ந்த பிறகும். அதனால்தான் இதைக் கற்றுக்கொடுக்கிறவர்கள் முதல் நாளே ஒரு விதி போடுகிறார்கள்: ஒருவர் கீழே, ஒருவர் மேலே. மேலே இருப்பவர் கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டும், முழுகியவர் வெளியே வந்து மூச்சு வாங்கிய பிறகும் அரை நிமிடம் பார்க்க வேண்டும்.

தூத்துக்குடி முத்துக்குளிப்பவர்களுக்கு இந்தக் கணக்கு யாரும் சொல்லித்தரவில்லை. விதியை மட்டும் அவர்கள் அனுபவத்திலேயே கண்டுபிடித்திருந்தார்கள். பங்குனி, சித்திரையில் கடல் அமைதியாக இருக்கும்போதுதான் முத்துக்குளிப்பு. கரைக்காற்றில் இருட்டோடு பாய் விரித்துப் போய், விடியும்போது சிப்பி இருக்கும் ‘பார்’ மேல் நிற்பார்கள். ஆழம் சுமார் 10 முதல் 20 மீட்டர். படகின் ஓரத்தில் கயிற்றில் ஒரு கல் தொங்கும், 15 கிலோ அல்லது அதற்கு மேல். குளிப்பவர் அந்தக் கயிற்றுச் சுருக்கில் ஒரு காலை வைப்பார், நிதானமாக மூச்சு இழுப்பார், கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு சைகை காட்டுவார். மேலே இருப்பவர் கயிற்றைத் தளர்த்துவார். கல் அவரைச் சரசரவென்று தரைக்குக் கொண்டுபோய்விடும். கீழே போக அவர் ஒரு கைகூட அசைக்க வேண்டியதில்லை. தசை வேலை செய்யாவிட்டால் ஆக்சிஜன் செலவும் குறைவு. காலை விடுவித்ததும் கல்லை மேலே இழுத்துக்கொள்வார்கள். அவர் வலைப்பைக்குள் சிப்பிகளை அள்ளிப் போட்டு, ஒரு நிமிடம் போல ஆனதும் கயிற்றை வெட்டி இழுப்பார். மேலே இருப்பவர் உடனே தூக்க வேண்டும். ஒரு கல்லுக்கு இரண்டு குளிப்பவர்கள். ஒருவர் முழுகும்போது மற்றவர் மேலே மூச்சை ஆற்றிக்கொள்வார்.

மார்கோ போலோ 13-ஆம் நூற்றாண்டில் இந்தக் கடற்கரையைப் பற்றி எழுதியிருக்கிறார். முழுகுபவர்களைச் சுறா தீண்டாமல் மந்திரம் சொல்ல ஆள் வைத்திருந்ததையும் குறித்திருக்கிறார். சென்னை மாகாணத்தின் முத்து, சங்கு குளிப்புக்கு அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், 1914-ல் சங்கைப் பற்றி ஒரு தனிப் புத்தகமே வெளியிட்டார். வங்காளத்துப் பெண்கள் அணியும் வெள்ளைச் சங்கு வளையலுக்கு நம் கடலிலிருந்துதான் சங்கு போனது. முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுவிட்டது. என்னைக் கேட்டால், அந்தப் படகுகளில் இருந்த மிகப் பெரிய அறிவு மேலே கயிற்றைப் பிடித்து நின்றவரிடம்தான் இருந்தது. கயிறு எப்போது அசையும் என்று கவனம் சிதறாமல் நிற்பதற்கு என்ன பயிற்சி வேண்டியிருந்திருக்கும்!

மூக்கை ஏன் பிடித்தார்கள்? காதுக்காக. செவிப்பறைக்குப் பின்னால் ஒரு சிறு காற்றறை இருக்கிறது. ஒரு மெல்லிய குழல் அதைத் தொண்டையோடு இணைக்கிறது. யூஸ்டேஷியன் குழல் என்று படித்திருப்பீர்கள். இரண்டு மீட்டர் இறங்கினாலே வெளித்தண்ணீர் செவிப்பறையை உள்ளே தள்ளும், வலிக்கும். மூக்கைப் பிடித்து வாயை மூடி மெல்ல ஊதினால் காற்று அந்தக் குழல் வழியே போய், உள்ளிருந்து பறையை நிமிர்த்தும். இத்தாலிய மருத்துவர் வால்சல்வாவின் பெயரில் இந்த முறை வழங்குகிறது. ஊட்டி மலைப்பாதையில் பஸ்ஸில் போகும்போது எச்சில் விழுங்கினால் ‘டப்’ என்று காது திறக்குமே, அதே குழல்தான் அங்கேயும் வேலை செய்கிறது. இதில் பலம் காட்டக் கூடாது. வலித்தால் மேலே வந்துவிட வேண்டும். சளி பிடித்திருந்தால் முழுகவே கூடாது. குழல் அடைத்திருக்கும், பறை கிழிந்துவிடும்.

இனி உடம்பே நமக்குச் செய்கிற ஓர் உதவியைப் பார்க்கலாம். இதற்குப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். அகலமான ஒரு பேசினில் குளிர்ந்த தண்ணீர் எடுத்து மேசைமேல் வையுங்கள். நாற்காலியில் உட்காருங்கள். அம்மாவோ அக்காவோ உங்கள் மணிக்கட்டில் நாடி பார்க்கட்டும். மூச்சை அடக்கி, கண், மூக்கு, நெற்றி நனையும்படி முகத்தைத் தண்ணீரில் பத்து வினாடி வைத்து எடுங்கள். நாடி மெதுவாவது நிறையப் பேருக்கு விரலிலேயே தெரியும். இதயக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் இதைச் செய்ய வேண்டாம்.

முகத்தில் குளிர்ந்த தண்ணீர் பட்டதும் அங்கிருக்கிற நரம்பு மூளைக்குச் செய்தி சொல்கிறது: முழுகிவிட்டோம், சிக்கனமாக இரு. உடனே இதயம் வேகம் குறைகிறது. கை கால் ரத்தக் குழாய்கள் சுருங்கி, ரத்தம் மூளைக்கும் இதயத்துக்கும் திரும்புகிறது. சீலுக்கும் திமிங்கிலத்துக்கும் இருக்கிற அதே வசதி, அளவில் சிறியதாக நமக்கும் இருக்கிறது. ஷோலாண்டர் என்ற உடலியல் அறிஞரும் அவருடைய குழுவும் ஆஸ்திரேலியாவின் டோரஸ் நீரிணையில் முத்துக்குளிப்பவர்களைப் பரிசோதித்து, அவர்கள் முழுகும்போது இதயம் மெதுவாவதை 1962-ல் வெளியிட்டார்கள்.

மண்ணீரலும் இதில் சேர்ந்துகொள்ளும். அது சிவப்பணுக்களைச் சேர்த்து வைத்திருக்கும். மூச்சை அடக்கினால் சுருங்கி அவற்றை ரத்தத்தில் விடும். இந்தோனேசியாவில் தலைமுறை தலைமுறையாகக் கடலில் முழுகி வாழும் பஜாவ் மக்களின் மண்ணீரல், பக்கத்து ஊர் மக்களுடையதைவிடச் சுமார் 50 சதவீதம் பெரியது என்று 2018-ல் மெலிசா இலார்டோ என்ற ஆய்வாளரின் குழு கண்டறிந்தது. அதில் மரபணுவுக்கும் பங்கு உண்டாம். நம் சங்கு குளிக்கும் குடும்பங்களையும் யாராவது அப்படி அளந்து பார்க்க வேண்டும். இதைப் படிக்கிற உங்களில் ஒருவரே அதைச் செய்யலாம்.

முத்துக்குளிப்பு நின்றாலும் மூச்சடக்கி முழுகுகிறவர்கள் இன்றைக்கும் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். ராமநாதபுரம் மாவட்டத்தில், பாம்பன் பக்கம், கடற்பாசி எடுக்கும் பெண்கள். புடவைக்கு மேல் டி-ஷர்ட், கண்ணில் கண்ணாடி, காலில் ரப்பர் செருப்பு, பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணிச்சுற்று. முழுகிப் பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்துக்கொண்டு மேலே வருவார்கள், மறுபடி முழுகுவார்கள். அந்தப் பாசியிலிருந்துதான் அகார் கிடைக்கிறது. ஐஸ்கிரீமிலும் ஜெல்லியிலும் சேர்ப்பதோடு, ஆய்வகத்தில் கிருமிகளை வளர்த்துப் பார்க்கிற தட்டில் ஊற்றுவதும் அதைத்தான். சின்னப்பாலம் ஊரைச் சேர்ந்த பாசி எடுக்கும் பெண் லட்சுமி மூர்த்திக்கு, கடலைக் காக்கும் பணிக்காக 2015-ல் ‘சீகாலஜி’ பரிசு கிடைத்தது.

அந்தக் கண்ணாடி எதற்கு? நம் கண்ணில் ஒளியை வளைக்கிற வேலையில் பெரும்பகுதியைச் செய்வது முன்னால் இருக்கிற விழிவெண்படலம். காற்றிலிருந்து அதற்குள் நுழையும்போது ஒளி நன்றாக வளைகிறது; தண்ணீரிலிருந்து நுழைந்தால் வளைவதே இல்லை எனலாம். எல்லாம் மங்கிவிடும். கண்ணாடி, விழிக்கு முன்னால் கொஞ்சம் காற்றை நிறுத்திவைக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்தமான் கடலில், தாய்லாந்துக் கரையோரத் தீவுகளில் வாழும் மோக்கன் மக்களின் பிள்ளைகள் கண்ணாடி இல்லாமலே தண்ணீருக்கடியில் சிறு சிப்பியைக்கூட அடையாளம் காண்பார்கள். ஸ்வீடனைச் சேர்ந்த அன்னா கிஸ்லென் போய்ச் சோதித்தார். ஐரோப்பியப் பிள்ளைகளைவிட இவர்களுக்கு நீரடிப் பார்வை இரண்டு மடங்கு கூர்மை என்று 2003-ல் எழுதினார். அவர்கள் கண்ணின் பாவையை மிகச் சிறிதாக்கி, விழிவில்லையின் வடிவத்தையும் மாற்றிக்கொள்கிறார்கள். அதைவிட ஆச்சரியம், பிறகு ஸ்வீடன் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தபோது அவர்களுக்கும் அது வந்துவிட்டது!

நம் வடசென்னைக் கரைக்கு வருவோம். இங்கேயும் ஒரு பெரிய மூச்சடக்கி வருகிறது: பங்குனி ஆமை. ஜனவரி முதல் மார்ச் வரை முட்டையிடக் கரையேறும். ஓய்வாகக் கிடந்தால் ஒரு மணி நேரத்துக்கும் மேல் மூச்சில்லாமல் தாங்கும். அதே ஆமை இழுவலையில் சிக்கினால் சீக்கிரமே செத்துப்போகிறது. வலையோடு போராடும்போது தசைகள் ஆக்சிஜனைக் கொட்டித் தீர்த்துவிடும், மேலே வரவும் முடியாது. 2025 ஜனவரியில் சென்னைக் கரை நெடுக நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமை வெளியேற வழியுள்ள வலைகள் இருக்கின்றன. அவை எல்லா விசைப்படகுகளிலும் இருந்தே ஆக வேண்டும்.

துறைமுகத்தில் கப்பலின் அடியைச் சோதிக்கிற டைவர்களையும் பார்த்திருப்பீர்கள். அவர்கள் விதி நேர்மாறு. சிலிண்டரிலிருந்தோ குழாயிலிருந்தோ ஆழத்து அழுத்தத்திலேயே காற்றைச் சுவாசிப்பதால், மேலே வரும்போது அவர்கள் மூச்சை அடக்கவே கூடாது. சிரிஞ்சில் கையை எடுத்ததும் காற்று விரிந்ததே, அப்படி நெஞ்சுக்குள் விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும்.

சரி, நம் கல் இடுக்குகளில் முழுகலாமா? கூடாது. சென்னைத் துறைமுகக் கட்டுமானம் 1876-ல் தொடங்கியது. கடலுக்குள் நீண்ட அதன் கரங்கள், வடக்கே நகரும் மணலைத் தடுத்துவிட்டன. மெரினா அகலமானது, ராயபுரத்திலிருந்து வடக்கே கரை அரிக்கப்பட்டது, அதைத் தடுக்கத்தான் இந்தக் கற்கள். அலை கல்லில் மோதித் திரும்பும்போது இழுக்கிற இழுப்பு பெரிய ஆளையும் இடுக்கில் செருகிவிடும். கலங்கிய தண்ணீரில் முழுகியவனை மேலே நிற்பவனால் பார்க்கவும் முடியாது. தண்ணீரின் நிலைமையும் உங்களுக்குத் தெரியும். 2017 ஜனவரி 28-ல் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெயை வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் மறுபடி எண்ணெய் படிந்தது. முகத்தைத் துணிந்து வைக்கக்கூடிய கடல் இந்தப் பிள்ளைகளுக்கு வேண்டும். அதைக் கேட்டு வாங்குவது பெரியவர்களாகிய எங்கள் கடமை.

அதுவரை முழுகும் ஆசையை நீச்சல் குளத்தில் தொடங்குங்கள். பெரியமேடு மை லேடீஸ் பூங்காவிலும் மெரினாவிலும் மாநகராட்சிக் குளங்கள் இருக்கின்றன. முதலில் நீச்சல், பிறகு மிதத்தல், அதற்குப் பிறகே மற்றதெல்லாம். தம் கட்டுவதைப் போட்டியாக வைக்காதீர்கள். வேக மூச்சு வாங்கிவிட்டு முழுகாதீர்கள், நண்பன் செய்தால் தடுங்கள். தனியாக ஒருபோதும் முழுகாதீர்கள். முழுகிய யாராவது அசையாமல் இருந்தால் எண்ணிக்கொண்டு நிற்காதீர்கள்: கத்திப் பெரியவர்களைக் கூப்பிடுங்கள், முகத்தைத் தண்ணீருக்கு வெளியே கொண்டுவரச் செய்யுங்கள், 108-க்குப் போன் போடச் சொல்லுங்கள்.